சாட்சிகள் வீட்டில் விருந்து

ஜூன் 10

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். தண்ணீர் பாட்டில் நான்கு, பாய் ஒன்று, துவைத்த துணி ஒரு பை. காரின் ஏசி வேலை செய்யவில்லை. கேஸ் வால்வை மூடினேனா என்று தாம்பரம் தாண்டியதும் சந்தேகம் வந்தது. மூடியாச்சு என்றாள் கோதை.

ஜூன் 24 காலை பத்தரைக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். நவம்பரில் மனு கொடுத்தோம். அன்று நீதிபதி எங்கள் இருவரையும் கேட்பார். இருவரும் சம்மதம் என்றால் முடிந்தது. எட்டு ஆண்டுகள்.

இந்தப் பயணம் அவளுடைய யோசனை. எங்கள் கல்யாணத்தில் உறவினர் ஒருவரும் இல்லை. அவள் கோபிப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பெண், நான் தூத்துக்குடிக் கிறிஸ்தவன். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும் என்றார்கள். என்னோடு படித்த கலியமூர்த்தி, கோதையின் விடுதித் தோழி ஹைருன்னிசா, நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய ஆவுடையப்பன் அண்ணாச்சி. மூன்று கையெழுத்து.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். போனில் சொல்வது மரியாதை இல்லை என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது.

ஒப்பந்தம்: முதல் வீட்டில் நான் சொல்வேன். இரண்டாவது வீட்டில் அவள். மூன்றாவதில் யாருக்கு வாய் வருகிறதோ அவர்.

எங்களுக்குள் சண்டை இல்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11. சிதம்பரம்

கலியமூர்த்தி சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கணக்கு வாத்தியார். வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. எங்களுக்காக என்று புரியவில்லை. அவன் மனைவி செண்பகம் ஆரத்தித் தட்டோடு வந்தபோதுதான் புரிந்தது. போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: ரெண்டு பேரும் வரோம், நேரில் பேசணும். அவன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை உறவுக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து போட்டுத் துணி எடுத்துக் கொடுப்பார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. கலியமூர்த்தி அதைத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

"சாட்சி கையெழுத்துப் போட்டவன்டா நான். அன்னிக்கு ரூம்ல என்கிட்ட ஒரு கரண்டி கூட இல்ல. ஒரு வேள சோறு போடலியேன்னு எட்டு வருஷமா மனசு அரிக்குது. உக்காருடா. நீயும் பக்கத்துல உக்காரும்மா."

பக்கத்தில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். மிளகும் நெய்யும் போட்ட சம்பா சாதம், சுட்ட கத்தரிக்காயில் கொத்சு. அது கோயில் சாப்பாடு, முதலில் அதுதான் என்றாள் செண்பகம். பிறகு விரால் மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு. ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. கொத்சு மிக நன்றாக இருந்தது. நாக்கு தன் வேலையைச் செய்கிறது. அதற்கு எந்தச் செய்தியும் போய்ச் சேர்வதில்லை.

மூன்று முறை ஆரம்பித்தேன். முதல் முறை குழம்பு வந்தது. இரண்டாம் முறை கலியமூர்த்தி பழைய கதை ஒன்றை எடுத்தான்: நான் கல்யாணத்தன்று பேனா எடுத்துப் போகாமல் பதிவாளரின் பேனாவைக் கேட்டு வாங்கி, அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்தது. மூன்றாம் முறை பாயசம்.

சாப்பிட்டதும் எங்களைக் கிழக்கு பார்க்க நிற்கவைத்துத் தாம்பாளத்தில் புடவையும் வேட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். கோதை குனிந்து வாங்கிக்கொண்டாள். செண்பகம் குங்குமம் வைத்தாள். கலியமூர்த்தியின் கண் கலங்கியிருந்தது.

காரில் சிதம்பரம் தாண்டியதும்தான் கோதை பேசினாள்.

"நீ சொல்லல."

சாப்பாட்டு நேரத்தில் எப்படிச் சொல்வது என்றேன்.

"உனக்கு எப்பவும் ஒரு நேரம் வேணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கண்ணாடியைப் பார்த்துக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டாள். அழிக்கவில்லை.

ஜூன் 12

வேதாரண்யம். உப்பளம். வெள்ளை, வெள்ளை, ஒரு கொக்கு. நாங்கள் பேசிக்கொண்டவை: டீசல், டீ, கழிப்பறை.

ஜூன் 13. தொண்டி

விடுதியில் இரண்டு கட்டில். துவைத்த துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். கடல் தெரிகிறது, நாற்றமும் வருகிறது. மத்தியானம் கணவாய் மீன் வறுவல். கோதை இரண்டு தட்டு வாங்கினாள்.

அவளுடைய அண்ணன் சிவசாமி போன் செய்தார். அவர் பேசினால் அவளுடைய பேச்சு மாறிவிடும். "ஆமாங்கண்ணா. இருவத்தஞ்சு பஸ் ஏறிக்குவனுங்க. அம்மாகிட்டச் சொல்லுங்க." கோயம்புத்தூர் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாற்றல் வாங்கியிருக்கிறாள். ஊரிலிருந்து போய்வருவாள். இது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். ஆனாலும் தேதியோடு கேட்டது இதுதான் முதல் தடவை.

எழுதி வைக்க வேண்டிய இன்னொன்று. இரண்டு வருடம் முன்பு தை மாதம் அவள் அப்பா இறந்தார். கோதையின் புது எண் அவர்களிடம் இல்லை. என் எண்தான் இருந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, பெயர் சொல்லிக் கேட்கிறார் என்று சிவசாமி என்னைக் கூப்பிட்டார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் சொன்னேன். போய்ச் சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள். அவள் வர மாட்டாள் என்று நினைத்துவிட்டார்களாம்.

எங்கள் பிரிவுக்குக் காரணம் அதுதான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு நிகழ்ச்சி ஒரு கல்யாணத்தை முடிப்பதில்லை. பல சிறிய விஷயங்கள் சேர்கின்றன.

பல சிறிய விஷயங்களைப் பட்டியல் போட முயன்றேன். இரண்டு கிடைத்தன. அடித்துவிட்டேன்.

ஜூன் 14. கீழக்கரை

ஹைருன்னிசாவின் வீடு உள்ளே போகப் போக நீள்கிறது. அவள் கணவர் துபாயில். அவளும் உம்மாவும் ஒரு பெண் குழந்தையும்.

ஹைரு என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். கோதை அவளுக்குத் தங்கச்சி முறை என்று விடுதியிலேயே முடிவு செய்துகொண்டவள். இங்கேயும் கலியமூர்த்தி வீட்டுக் கதைதான். விருந்து என்று உம்மா முதல் நாளே ஆடு சொல்லி வைத்துவிட்டார். யாரும் எதையும் கேட்கவில்லை. கல்யாணமானவர்கள் கதவைத் தட்டினால் சோறு போடுவதைத் தவிர இவர்களுக்கு வேறு ஒன்றும் தோன்றுவதில்லை போலும்.

இவர்கள் வீட்டு வழக்கத்தில் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிடுவார்கள். சஹன் என்று பெயர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சஹன். நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய் மாங்காய்.

நான் என் பக்கத்திலிருந்து சாப்பிட்டேன். அவள் அவள் பக்கத்திலிருந்து. நடுவில் சோறு சுவர் மாதிரி நின்றது. இரண்டு பேரும் சாப்பிடச் சாப்பிட அது மெலிந்துகொண்டே வந்தது. நல்ல கறித்துண்டு ஒன்றைக் கோதை என் பக்கம் தள்ளினாள். பழக்கம். தள்ளியதும் கையை இழுத்துக்கொண்டாள். அந்தத் துண்டு நடுவிலேயே கிடந்தது.

வீணாக்கக் கூடாது வாப்பா என்றார் உம்மா. நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

ஜூன் 15. கீழக்கரை

காலையில் கோதை சொல்லிவிட்டாள். அடுக்களையில். நான் கூடத்தில் குழந்தைக்குக் காகிதத்தில் படகு செய்துகொண்டிருந்தேன். பாத்திரச் சத்தம் நின்றுபோனதை வைத்து இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அரை மணி நேரம். ஒருவர் அழுகிற சத்தம் கேட்டது. கோதை இல்லை.

பிறகு ஹைரு ஒரு தட்டில் தொதல் கொண்டுவந்து வைத்தாள். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிண்டிய கறுப்பு அல்வா. சாப்பிடுங்க என்றாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"போன் விஷயம் சொன்னா."

நான் தலையாட்டினேன்.

"ஏன் மச்சான் அப்பவே சொல்லல?"

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், தூங்கட்டும் என்று நினைத்தேன் என்றேன். இரண்டு வருடமாகச் சொல்லிவரும் அதே வாக்கியம். வழவழப்பாகிவிட்டது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா?"

தொதல் பல்லில் ஒட்டிக்கொள்ளும் பண்டம். உடனே பேச முடியாது.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கோதைக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. அண்ணன் சொல்லியிருப்பார். எப்போது சொன்னார்? எவ்வளவு காலமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு என்னோடு காபி குடித்திருக்கிறாள்?

கிளம்பும்போது ஹைரு இருவருக்கும் துணி கொடுத்தாள். விஷயம் தெரிந்த பிறகும். வாங்கி வெச்சாச்சு மச்சான், யாருக்குத் தரது என்றாள்.

ஜூன் 15, பிற்பகல்

அழைப்பு வந்த நேரம் 5.10. நேரம் முக்கியமல்ல.

ஜூன் 16

தூத்துக்குடி. என் வீட்டார் இருக்கும் ஊர். புறவழிச்சாலையில் கடந்தோம். மக்ரூன் வாங்கலாமா என்று கேட்டாள். வாங்கினோம். காரிலேயே தீர்ந்தது.

முன்பக்க இடது டயர் பஞ்சர். ஓட்டப்பிடாரம் போகும் சாலை. நான் ஜாக்கி வைத்தேன். அவள் நட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இருபது நிமிடம். நாங்கள் சேர்ந்து செய்தவற்றில் நன்றாக வந்தது இது.

கேட்டேன். "உனக்கு எப்போ தெரியும், அஞ்சு மணின்னு?"

"பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு. அண்ணன் சொன்னாங்க."

இரண்டு வருடம். நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். அல்லது, காத்திருக்கவில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஜூன் 17. செங்கோட்டை

சாரல். மலை பாதிதான் தெரிகிறது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி மெஸ்ஸை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து எல்லைச் சாலையில் புரோட்டாக் கடை போட்டிருக்கிறார். தகரக் கூரை, நான்கு பெஞ்சு. அவர் நண்பர் என்று முதலில் சொல்ல முடியாது. சாட்சிக்கு வர வேண்டிய என் சித்தப்பா மகன் வரவில்லை. பதிவு அலுவலகத்திலிருந்து மெஸ்ஸுக்கு ஓடினேன். கல்லில் புரோட்டா வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, மாவு ஒட்டிய கையோடு வந்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு நண்பரானார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் நான் அவருக்குத்தான் போன் செய்வேன்.

"ஏல ஜெரோமு. மெலிஞ்சிட்டியல. வா தாயி, உள்ள வா, நனையாத."

தாயி என்றது கோதையை. மத்தியானக் கூட்டம் முடியட்டும் என்று பெஞ்சில் உட்காரவைத்தார். நாட்டுக்கோழி வறுத்து, புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றினார். நெய் விட்டுக்கொள்ளச் சொன்னார். மழைச் சத்தத்தில் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. கோதை கை கழுவிவிட்டு வந்து நின்றபடியே சொன்னாள். ஒரே வாக்கியம். நாங்க பிரியறோம் அண்ணாச்சி, இருவத்தி நாலாந்தேதி கோர்ட்டு.

அவர் கல்லில் இருந்த இரண்டு புரோட்டாவைத் திருப்பிப் போட்டார்.

"அப்ப என் கையெழுத்த என்ன செய்வாவ?"

புரியவில்லை என்றேன்.

"நான் போட்டதுல்லா. ரெண்டு பேரும் சேந்து இருக்கதுக்கு நான் சாட்சின்னுதானே போட்டேன். இப்ப நானும் வந்து அடிக்கணுமா? கூப்புடுவாவளா?"

கூப்பிட மாட்டார்கள், உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கும் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அரசாங்க ஆபீசில் அவர் போட்ட ஒரே கையெழுத்து அதுவாம். பொய்யாகப் போன ஒன்று அங்கே கிடக்க வேண்டாம், நான் வருகிறேன், கடையை ஒரு நாள் மூடினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோதை அவர் கையைப் பிடித்து, பொய் இல்லீங்க அண்ணாச்சி, அன்னைக்கு நெசந்தான் என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளிடம் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றினால் மறந்துவிடுவேன்.

"தாயி, இவன் நல்ல பய. ஒங்க அப்பாவுக்கு முடியலன்னு போன் வந்துச்சுல்லா, அன்னைக்கு சாயங்காலமே எனக்கு அடிச்சான். அழுதான். அண்ணாச்சி, போனா அவள திருப்பி அனுப்ப மாட்டாவ, நான் என்ன செய்யன்னு அழுதான். ஏல, பெத்தவன் கெடக்கான், மொதல்ல சொல்லு, அவ வருவா, வராட்டி நாம போய்க் கூப்புடுவோம்னேன். சரி அண்ணாச்சி, இப்பவே சொல்லுதேன்னு வச்சான். அம்புட்டுப் பயத்தோட ஒன்ன அனுப்பி வச்சாம்லா. அப்படிப்பட்டவன விடலாமா?"

நான் அனுப்பிவைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடமாக.

கோதை என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் இல்லை. பிறகு அவரிடம் திரும்பினாள். ஒரு வார்த்தையில் அவரைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

"இன்னொரு புரோட்டா போடுங்கண்ணாச்சி" என்றாள்.

அவர் எழுந்து மாவை எடுத்தார். வீசிய மாவு கல்லில் விழுந்த சத்தம். அவள் அந்தப் புரோட்டா முழுவதையும் சாப்பிட்டாள். நான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18

மழை. விடுதி. அவள் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது, மாத்திரை வாங்கி வந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். தண்ணீரும் வைத்தாள்.

ஜூன் 19. குற்றாலம்

அருவியில் குளிக்க அவள் மட்டும் போனாள். நான் காரில் துண்டோடு காத்திருந்தேன். கண்ணாடி முழுக்க நீராவி.

தலை துவட்டிக்கொண்டே முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் சொல்லிவிட்டேன். நேரம் பார்க்கவில்லை. வாய் தானாக வந்தது.

"பயமா இருந்துச்சு கோதை."

"தெரியும். அண்ணாச்சி சொல்லிட்டாரே."

வைப்பர் இரண்டு முறை போய்வந்தது.

"உனக்குச் சொல்லத் தெரியாதுன்னுதான் ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். அப்படிச் சில பேர் இருப்பாங்க, பாவம்னு. ஆனா உனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே, அழுது, முழுசா. அவர்கிட்ட."

வைப்பரை நிறுத்தினேன்.

"நான் திரும்பி வந்திருப்பேன் ஜெரோம்."

எனக்கு அது தெரியும். அன்று மாலையும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஈரத் துண்டை மடித்துப் பின்சீட்டில் விரித்தாள். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் இவ்வளவு அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை. "இப்போ எனக்குக் கோபம் இல்ல. நேத்து முழுக்கத் தேடிப் பாத்தேன், இல்ல. அந்தக் கோபத்தப் புடிச்சுகிட்டுத்தான் இத்தன நாள் உன்கூட இருந்திருக்கேன். இனி போயிடலாம்."

பிறகு சிரித்தாள். எனக்காக இல்லை, ஒரு குரங்கு எதிர்க் கடையிலிருந்து யாருடைய பஜ்ஜியையோ எடுத்துக்கொண்டு ஓடியது.

ஜூன் 20

எழுதிவிடுகிறேன்.

5.10க்கு அழைப்பு வந்தது. கோதை குளித்துக்கொண்டிருந்தாள். அதை வைத்ததும் அண்ணாச்சிக்கு அடித்தேன். குளித்து வந்து, யாரு போன்ல என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன். ஏழு மணிக்கு அவரைக்காய்ப் பொரியலும் ரசமும் சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் அன்று ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். ஒவ்வொரு பாத்திரம் முடியும்போதும், இது முடிந்ததும் சொல்கிறேன் என்று நினைத்தேன். பாத்திரங்கள் முடிந்தன. அவள் தூங்கிய பிறகு, தூங்கட்டும் என்ற வாக்கியம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுடைய அப்பா காலை நான்கு மணிக்கு இறந்தார். கோபிக்கு ஏழு மணி நேரப் பயணம். 5.10க்குக் கிளம்பியிருந்தால் போயிருக்கலாம். நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பல முறை போட்டிருக்கிறேன்.

தூக்கம் பற்றி நான் இந்த நோட்டில் எழுதியது பொய். அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

ஜூன் 21. மதுரை

கறிதோசை. இருவருக்கும் பசி. கோதை கூடுதலாக ஒரு முட்டை போடச் சொன்னாள். பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமான தம்பதியாகத் தெரிந்திருப்போம். பக்கத்து மேசைப் பெண்மணி, புதுசாக் கல்யாணம் ஆனவங்களா என்று கேட்டார். பின்சீட்டில் புதுத் துணிப் பைகளைப் பார்த்திருப்பார்.

ஆமாங்க என்றாள் கோதை.

வெளியே வந்து, எதுக்கு அப்படிச் சொன்னே என்றேன். எட்டு வருசக் கதையச் சொல்ல அவங்களுக்கு நேரமிருக்குமா என்றாள்.

ஜூன் 22

சென்னை. கேஸ் வால்வு மூடியிருந்தது.

துணிகளைப் பிரித்தோம். வேட்டி இரண்டு எனக்கு, புடவை இரண்டு அவளுக்கு. பிரிப்பதற்கு எளிதாக இருந்தவை இவைதான்.

ஜூன் 23

வழக்கறிஞர் போன் செய்தார். நாளை நீதிபதி தனித்தனியாகக் கேட்பார், இரண்டு பேரில் ஒருவர் யோசிக்க வேண்டும் என்றாலும் தள்ளிப் போட்டுவிடுவார் என்றார். வழக்கமான தகவல். எல்லோருக்கும் சொல்வது.

இன்று முழுவதும் அந்தத் தகவலோடு இருந்தேன். தள்ளிப் போட்டால் ஆறு மாதம். அவள் நாளை மறுநாள் ஊருக்குப் போனாலும் வழக்குக்காக வர வேண்டும். வந்தால் இங்கேதான் தங்குவாள். ஆறு மாதத்தில் எத்தனையோ நடக்கும். நான் இப்போது பேசுகிறவனாக ஆகிவிட்டேன், குற்றாலத்தில் ஆகிவிட்டேன், அதைக் காட்ட எனக்கு நேரம் வேண்டும். மறுபடியும் ஒன்றாக ஓரிடத்துக்குப் போகலாம். அவளுக்குக் கோபம் இல்லை என்று அவளே சொன்னாள்.

மாலை அவள் பெட்டியின் ஜிப் சிக்கிக்கொண்டது. மெழுகுவத்தியைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன்.

ஜூன் 24

நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். இருவரும் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. வராந்தாவில் ஒரே பெஞ்சு. எங்களுக்கு முன்னால் நான்கு வழக்குகள். மின்விசிறி இல்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. தொண்டை கட்டியிருந்தது, அடிக்கடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். முதலில் கோதையைக் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

"இல்லீங்க."

சம்மதமா?

"சம்மதமுங்க."

ஊர்ப் பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. பாதி போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சின்ன வயசுதான் ரெண்டு பேருக்கும். யோசிக்க டைம் வேணும்னா சொல்லுங்க. டிசம்பருக்குப் போடறேன். தப்பே இல்ல."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

கோதை என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் தோளைப் பார்த்தால் எனக்குத் தெரியும். வேணும் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லில் பொய் கூட இல்லை. எனக்கு நேரம் வேண்டும்தான். அன்று மாலை ஆபீஸ் என்றதும் ஒரு சொல்தான். அன்றும் நான் அவளை ஒன்றும் செய்யவில்லை, கொஞ்சம் தாமதப்படுத்தினேன், அவ்வளவுதான்.

நேரம் வேண்டாம் என்றேன்.

வாக்குமூலம் எழுதுபவருக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

சத்தமாகச் சொன்னேன்.